தாய்மாமன் கடைந்த உரல்

மஞ்சளாக மின்னும் எந்த உலோகத்தையும் நான் நம்புவதில்லை. இரும்பு பரவாயில்லை. சாணைக்கல்லில் வைத்தால் பொறி பறக்கும் விதத்தைப் பார்த்தே அது எந்த ரகம் என்று சொல்லிவிடலாம். பித்தளையும் வெண்கலமும் கன்மெட்டலும் அப்படி இல்லை. சாணைக்கல்லில் பொறி விடாது, காந்தத்துக்கு அசையாது. புளி போட்டுத் தேய்த்தால் எல்லாம் ஒன்றுபோல் பல்லை இளித்துக்கொண்டு நிற்கும். உள்ளே துத்தநாகம் எவ்வளவு, வெள்ளீயம் எவ்வளவு, காரீயம் எவ்வளவு என்பது உருக்கி ஊற்றியவனுக்கே பாதி நேரம் தெரியாது, ஏனென்றால் அவனும் காயலாங்கடையில் கிடைத்ததையெல்லாம் ஒரே உலையில் போட்டவன். நம் ஆட்களோ மஞ்சளைக் கண்டால் மங்களம் என்று பொட்டு வைத்துவிடுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் உலோகம் கடைய ஒரு பழைய லேத்து மிஷின் வைத்திருக்கிறேன். ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்தவள் நான். என் கணவர் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருக்கிறார், வருடத்துக்கு ஒருமுறை வருவார். மோட்டார் ஷாஃப்ட், ரைஸ் மில்லில் தண்டைத் தாங்கும் புஷ் வளையம், வெள்ளிமலைக்கு ஓடும் ஜீப்புகளின் தேய்ந்துபோன சாமான்கள் எல்லாம் என்னிடம் வரும். புதிதாக வருகிறவன் கொட்டகைக்குள் எட்டிப்பார்த்து, "ஆம்பள ஆளு யாரும் இல்லீங்களா?" என்பான். "மிஷின் ஆம்பள பொம்பள பாக்காது. நீ பாக்கறதுன்னா வெளிய நில்லு" என்பேன். பெரும்பாலும் நிற்பார்கள், பிறகு உள்ளே வருவார்கள்.

கொட்டகையின் மூலையில் ஒரு பெரிய பெயிண்ட் டப்பா உண்டு. அதன்மேல் சிவப்பு பெயிண்டால் 'தெரியாது' என்று எழுதி வைத்திருக்கிறேன். இன்ன உலோகம் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாத மஞ்சள் துண்டுகளை அதில்தான் போடுவேன். ஒவ்வொரு துண்டின் அடியிலும் சென்டர் பஞ்ச் ஆணியால் மூன்று புள்ளி குத்திவிடுவேன், மற்ற துண்டுகளோடு கலந்துவிடக் கூடாது என்பதற்காக. அந்த டப்பாவிலிருந்து எடுப்பது கதவுக் குமிழுக்கு ஆகும், ஸ்டூல் காலுக்கு ஆகும். பாரம் தாங்குகிற எதற்கும் ஆகாது. வாய்க்குப் போகிற எதன் பக்கத்திலும் வரக் கூடாது. இது நானே எனக்கு வைத்துக்கொண்ட சட்டம்.

வெள்ளிமலை ஜீப் டிரைவர் ஒருவர் ஒருநாள் கைக்கு அடங்காத ஒரு கட்டையைக் கொண்டுவந்தார். குட்டையான, உள்ளே ஓட்டையில்லாத மஞ்சள் உருளை. ஜல்லி மிஷினில் இருந்து வந்ததோ, மலையில் பிரித்துப் போட்ட ஏதாவது மில்லில் இருந்து வந்ததோ, அவருக்கே தெரியவில்லை. "நல்ல வெங்கலம்மா. ஸ்டேரிங்குக்கு ரெண்டு புஷ்ஷு போட்டுக் குடு" என்றார். லேத்தின் சக்குப் பிடியில் மாட்டிச் சுழலவிட்டு ஒரே ஒரு சீவல் சீவினேன். எனக்கு உடனே பிடிக்கவில்லை. பித்தளை என்றால் சீவல் ஊசி ஊசியாகத் தெறித்து முகத்தில் குத்தும். நல்ல வெண்கலம் என்றால் டூல் கொஞ்சம் முனகும். இது சத்தமே போடவில்லை. ரவை போல உதிர்ந்தது, அதுவும் மங்கிய நிறத்தில். விரலால் தேய்த்தேன், விரல் கறுத்தது, சோப்புப் போட்டும் லேசில் போகவில்லை. அளவுக்கு மீறிய கனம் வேறு. இவ்வளவு சுகமாக வெட்டுப்படுகிற வெண்கலத்தில் காரீயம் அள்ளிப் போட்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் தோன்றுவது வேறு, தெரிவது வேறு.

"இது இன்னான்னே எனக்குத் தெரியலண்ணா. வளைவுல வண்டி திரும்பும்போது இது நசுங்கிச்சின்னா நீங்க பள்ளத்துல இருப்பீங்க. நான் போட மாட்டேன்" என்றேன். அவர் திட்டிக்கொண்டே கட்டையை அங்கேயே விட்டுவிட்டுப் போனார். நான் அடியில் மூன்று புள்ளி குத்தி டப்பாவில் போட்டேன்.

அந்த வருடம் நான் கர்ப்பமானேன். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பார்கள். அப்பா அம்மா இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டதால் எனக்குத் தாய்வீடு என்றால் களமருதூரில் இருக்கும் அண்ணன் வீடுதான். அண்ணனுக்கும் எனக்கும் சின்ன வயதிலிருந்தே ஆகாது. வீட்டை ஒட்டி வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். கேட்டு, கிரில், டிரெய்லர் வேலை. அவன் அடிக்கிற வெல்டில் பாதி பசை போட்டு ஒட்டியதாகத்தான் இருக்கும். சொன்னால் கோபம் வரும். லேத்து ஓட்டவும் தெரியும் என்று சொல்லிக்கொள்வான். வளைகாப்பு முடிந்து என்னை அழைத்துப்போக வந்த அன்றே, "சாவியக் குடு, மிஷின் சும்மா கெடந்தா துரு ஏறும், நான் வந்து வந்து ஓட்டிப் பாத்துக்கறேன்" என்றான். எனக்குக் கொடுக்க மனமில்லை. அண்ணியின் முன்னால் மறுக்க முடியாமல் கொடுத்தேன்.

வயிற்றைக் கிழித்துத்தான் குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை. ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணன் வீட்டுக்கு வந்ததும் எனக்குக் கோடி அறையில் கட்டில் போட்டார்கள். தீட்டு கழியும்வரை நான் அடுப்படிக்குள் போகக் கூடாது. தையல் போட்ட வயிறோடு எழுந்து நடக்கவும் முடியாது. பாத்ரூமுக்குப் போவதற்கே சுவரைப் பிடித்துக்கொண்டு போவேன். குழந்தையைக் குளிப்பாட்டுவது, எனக்குப் பத்தியச் சாப்பாடு போடுவது, மருந்து இடிப்பது எல்லாம் அண்ணிதான். அவர்களுக்கும் எனக்கும் பெரிய சண்டை எதுவும் கிடையாது, பெரிய பாசமும் கிடையாது.

காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் மருந்து இடிக்கிற சத்தம் கேட்கும். முதல் இரண்டொரு நாள் வலியில் கவனிக்கவில்லை. பிறகு கவனித்தேன். உலோக உரலில் உலோக உலக்கை விழுகிற சத்தம்தான், ஆனால் கணீரென்று எழும்பவில்லை. தொப் தொப் என்று செத்த சத்தமாக விழுந்தது. அண்ணி வீட்டில் எனக்குத் தெரிந்து அம்மிதான் உண்டு, வெண்கல உரல் கிடையாது.

"அண்ணி, எதுலங்க இடிக்கறீங்க?" என்று கட்டிலில் இருந்தே கேட்டேன்.

அண்ணி சிரித்துக்கொண்டே உரலைக் கொண்டுவந்து காட்டினார்கள். "உங்கண்ணன் உனக்குச் சொல்ல வேணாம்னு வெச்சிருந்தாரு. பேரு வெக்கிற அன்னிக்கு மாமன் சீரா வெக்கணும்னு அவரே ஒக்காந்து கடைஞ்சது. மருந்துக்குப் புதுசாவே ஆவட்டும்னு நான்தான் முன்னாடியே எடுத்துட்டேன். வெத்தல, ஓமம், துளசி எல்லாம் இதுலதான் நசுக்கிச் சாறு புழிஞ்சி பாப்பாவுக்குச் சங்குல ஊத்தறேன். சளி கட்டாது."

வெளிப்பக்கம் மூன்று வளையம் ஓட்டி, விளிம்பை மழுக்கி, அழகாகத்தான் கடைந்திருந்தான். என் லேத்தில், என் டூலில். நான் உரலைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியை அவன் சீவவே இல்லை. என் மூன்று புள்ளிகள் அப்படியே இருந்தன. உள்பக்கம் விரலை விட்டுத் துடைத்தேன். விரல் கறுத்தது.

"எத்தன நாளா ஊத்தறீங்க?"

"வந்த அன்னில இருந்துதான். ஏம்மா?"

நான் கத்தினேன். பச்சைக் குழந்தைக்குத் தாய்ப்பாலைத் தவிர எதுவும் ஊற்றக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னது ஒருபக்கம் இருக்கட்டும், இந்த உரலில் காரீயம் இருக்கிறது, அது சாற்றோடு இறங்கும், பெரியவர்களுக்கே ஆகாது, குழந்தைக்கு மூளைக்கே கேடு என்று கத்தினேன். குழந்தை எழுந்து அழுதது. அண்ணி உரலை வாங்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டார்கள், நான் அதைத் தூக்கி எறிந்துவிடுவேன் என்று பயந்தவர்களைப் போல. எறிந்துதான் இருப்பேன்.

மத்தியானம் அண்ணன் வந்தான். வாசலிலேயே ஆரம்பித்தான். "இன்னாடி, என் உரலுக்கு இன்னா கொற கண்டுபுடிச்ச?"

"அந்தக் கட்டைய எங்கருந்து எடுத்த?"

"உன் டப்பாவுல இருந்துதான். ஊரான் வூட்லயா போய் எடுத்தேன்?"

"அதும்மேல தெரியாதுன்னு எழுதியிருக்குது. படிக்கத் தெரியாதா உனக்கு?"

"உன்ன எனக்குத் தெரியாதா? நல்ல சரக்க எல்லாம் ஒளிச்சி வெச்சிக்கினு, வர்றவன் கேக்கக் கூடாதுன்னு தெரியாதுன்னு எழுதி வெச்சிருக்க. வெண்ண மாதிரி வெட்டுச்சி. கனம் பாரு, கலரு பாரு. அசல் வெங்கலம்."

"வெண்ண மாதிரி வெட்டுச்சின்னாலே அதுல காரீயம் ஜாஸ்தின்னு அர்த்தம். மில்லுக்காரன் மிஷின் சுத்தறதுக்கு ஊத்தனது அது. வாய்க்கு ஊத்தனது இல்ல."

"உனக்கு நிச்சயமாத் தெரியுமா? சொல்லு. நிச்சயமாத் தெரிஞ்சா ஏன் தெரியாதுன்னு எழுதன?"

அந்த இடத்தில்தான் என்னைப் பிடித்தான். எனக்கு நிச்சயமாகத் தெரியாதுதான். தெரியாது என்பதே வேண்டாம் என்று சொல்லப் போதுமான காரணம் என்பதை அவன் மண்டையில் ஏற்ற எனக்கு அன்றைக்கும் முடியவில்லை, அதற்கு முன்னாலும் முடிந்ததில்லை. அவன் கேட்டைப் பற்றி, வெல்டைப் பற்றி, டிரெய்லரைப் பற்றி நான் சொன்ன எல்லாவற்றையும் பொறாமை என்றே சேர்த்து வைத்திருந்தான். இதையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்தான். "தாய்மாமன் ஆசையா கடைஞ்சி வெச்சத வெஷம்னு சொல்ற மொத பொம்பள நீதான்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் போனான்.

கணவருக்குப் போன் போட்டேன். கப்பல் பட்டறையின் இரைச்சலுக்கு நடுவே முழுவதையும் கேட்டுவிட்டு, "விடும்மா. பிரசவம் பாத்த வூடு. அண்ணன்கிட்ட பகைச்சிக்கினு எங்க போவ? நம்ம வூட்டுக்கு வந்ததும் தூக்கிப் போட்ருவோம்" என்றார். அவருக்கு என்ன, தூரத்தில் இருக்கிறார். குழந்தையின் தொண்டைக்குள் போவதை அதற்குள் யார் தூக்கிப் போடுவது என்று கேட்டேன். லைன் கட்டாகிவிட்டது. அல்லது கட் பண்ணிவிட்டார்.

அதற்குப் பிறகும் காலையில் அந்தச் சத்தம் நிற்கவில்லை. தொப், தொப், தொப். வேண்டுமென்றே முன்பைவிடப் பலமாக இடிப்பதாக எனக்குத் தோன்றியது. "அண்ணி, வேணாம்ங்க" என்று கத்துவேன். சத்தம் நிற்காது. குளிப்பாட்டக் குழந்தையை வாங்கிக்கொண்டு போவார்கள். குளித்து, சாம்பிராணி வாசத்தோடு என் கைக்கு வரும்போது அதன் வாயை முகர்ந்து பார்ப்பேன். வெற்றிலை வாசம் அடிக்கும். எனக்கு அழுகை வராது, ஆத்திரம்தான் வரும். அண்ணியை நான் அந்த நாட்களில் வெறுத்தது போல யாரையும் வெறுத்ததில்லை. அவர்கள் போட்ட சோற்றைத் தின்றுகொண்டேதான் வெறுத்தேன். வேறு வழியில்லை, பால் சுரக்க வேண்டும்.

பேர் வைக்கிற நாள் வந்தது. வாசலில் பந்தல். பங்காளிகள், சம்பந்தி வழி ஆட்கள், தெருவில் இருப்பவர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். அண்ணன் புது வேட்டி கட்டிக்கொண்டு சீர்த்தட்டைத் தூக்கிவந்தான். பட்டுப்பாவாடைத் துணி, வெள்ளிக் கொலுசு, வாழைப்பழம், நடுவில் அந்த உரல். புளி போட்டுத் தேய்த்து, மஞ்சள் குங்குமம் வைத்து, பூச்சுற்றி வைத்திருந்தது. "என் கையால கடைஞ்சதுங்க" என்று ஒவ்வொருவரிடமும் தூக்கிக் காட்டினான். ஒரு பெரியம்மா அதைக் கையில் வாங்கி எடை பார்த்து, "இந்தக் காலத்துல யாரு இப்படிச் செய்றாங்க" என்றார். அண்ணன் என்னைப் பார்த்தான். தட்டை என் மடியில் வைத்தான்.

சீரை மறுத்தால் உறவை மறுத்தது போல. வாங்கினால் இனி அந்த உரல் என் வீட்டு அடுப்படியில் காலத்துக்கும் இருக்கும், எவளாவது ஒருத்தி அதில் இஞ்சி நசுக்கி என் பெண்ணுக்குக் கொடுப்பாள். நான் குழந்தையைப் பக்கத்தில் இருந்த பெரியம்மாவிடம் கொடுத்தேன். "பாப்பாவ உள்ள தூக்கிக்கினு போங்க, இந்தப் பக்கம் வர வேணாம்" என்றேன். உரலை மட்டும் எடுத்துக்கொண்டு எழுந்தேன். பூவையும் குங்குமத்தையும் முந்தானையால் துடைத்தேன். பட்டறை பந்தலுக்குப் பக்கத்திலேயேதான் இருந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

அண்ணன் புரிந்துகொண்டு ஓடிவருவதற்குள் கேஸ் டார்ச்சைப் பற்றவைத்துவிட்டேன். உரலை இரும்புத் தட்டின்மேல் கவிழ்த்துவைத்து, தீயை மெதுவாக வைத்து, சுற்றிச் சுற்றிக் காட்டினேன். "யாராச்சும் அவ கைய புடிங்க! கிறுக்கு புடிச்சிருக்குது அவளுக்கு!" என்று அண்ணன் கத்தினான். டார்ச் எரிகிற கையை யாரும் பிடிக்க வரவில்லை. பந்தலில் இருந்தவர்கள் எல்லாரும் பட்டறை வாசலில் வந்து நின்றார்கள். "கிட்ட வராதீங்க, பொகைய இழுக்காதீங்க" என்று மட்டும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. உரல் கறுத்தது, பிறகு வானவில் நிறமாக மாறியது. ஒன்றுமே வராவிட்டால் நான் இந்த ஊரில் தலைகாட்ட முடியாது. வராமல் இருந்தால் நல்லதுதானே, குழந்தைக்கு ஒன்றும் ஆகியிருக்காதே என்று ஒரு நினைப்பும் ஓடியது. அப்போது அது வேர்த்தது. வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை. மஞ்சள் உடம்பில் இருந்து சாம்பல் நிறத்தில் பொட்டுப் பொட்டாக வெளியே வந்தது. முத்து முத்தாகச் சேர்ந்தது. இரண்டு மூன்று சேர்ந்து வழிந்து இரும்புத் தட்டில் சொட்டியது. வெண்கலம் உருக இன்னும் எவ்வளவோ சூடு வேண்டும் என்று அங்கே நின்ற எல்லாரையும்விட வெல்டிங்காரனான அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

டார்ச்சை அணைத்தேன். ஆறிய சொட்டு ஒன்றைக் குறடால் எடுத்து, பட்டறைச் சுண்ணாம்புச் சுவரில் ஒரு கோடு இழுத்தேன். பென்சிலால் இழுத்தது போலக் கறுப்பாக விழுந்தது. "இதான் உன் அசல் வெங்கலம். இதத்தான் எம் பொண்ணுக்குப் புழிஞ்சி ஊத்திக்கினு இருந்தீங்க" என்றேன்.

கூட்டத்தில் ஒரு பெரியவர், "ஈயச்சொம்புல ரசம் வெக்கறது இல்லியாம்மா?" என்றார். "அது வெள்ளீயம் பெரியப்பா, இது காரீயம். பேட்டரிக்குள்ள இருக்குதே அது" என்றேன். அண்ணன் சுவரில் இருந்த கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு தோளில் இருந்த புதுத் துண்டை எடுத்து உதறிவிட்டு, பந்தல் பக்கம் போகாமல் தெருவோடு நடந்துபோனான். சாப்பாடு பாதிக்கு மேல் மிஞ்சியது.

எல்லாரும் போனபிறகு அண்ணி கோடி அறைக்கு வந்தார்கள். கதவைச் சாத்தினார்கள். "நீ கத்தன அன்னிக்கே நான் அதுல நசுக்கி ஊத்தறத நிறுத்திட்டேன். அம்மில அரைச்சிதான் குடுத்தேன்" என்றார்கள்.

எனக்குப் புரியவில்லை. "தெனம் சத்தம் கேட்டுச்சே அண்ணி?"

"அவரு காதுல வுழணும்னு வெறும் உரல இடிச்சேன். தெனம் காலைல பட்டறைல நின்னுக்கினு அந்தச் சத்தத்தக் கேப்பாரு. கேட்டுட்டுத்தான் டீ குடிப்பாரு."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ சும்மா இருப்பியா? 'பாத்தியா, உன் பொண்டாட்டியே நம்பல'ன்னு அவரு மூஞ்சிலயே சொல்லுவ. ஒரு வாரம் பொறுத்திருந்தா நீயும் உன் வூட்டுக்குப் போயிருப்ப, உரலும் பரணுக்குப் போயிருக்கும். ஊரக் கூட்டி வெச்சிக் கொளுத்திட்ட."

எனக்கு நன்றி சொல்லத் தோன்றவில்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிடந்த காலைகளை எல்லாம் நினைத்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் தூங்கியிருப்பேன். அண்ணிக்குத் தன் புருஷன் மானம் பெரிது, எனக்கு என் குழந்தை பெரிது. ஆனால் குழந்தையையும் அவர்கள் விட்டுவிடவில்லை என்பதை மறுக்க முடியாது. அதை ஒப்புக்கொள்வதுகூட எனக்கு அன்று எரிச்சலாக இருந்தது. "சரிங்க அண்ணி" என்று மட்டும் சொன்னேன். அடுத்த நாளே ஒரு ஆட்டோ வைத்துக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு வந்துவிட்டேன்.

குழந்தையின் ரத்தத்தை எடுத்துச் சென்னைக்கு அனுப்பிப் பார்த்தார்கள். அந்தப் பிஞ்சுக் கையில் ஊசி இறங்கும்போது அது அழுத அழுகைக்கு அண்ணனைத்தான் மனசுக்குள் திட்டினேன். முடிவு வந்ததும் டாக்டரம்மா, "பயப்படற அளவுக்கு ஒண்ணும் இல்லம்மா, சீக்கிரம் நிறுத்திட்டீங்க" என்றார். நான் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து குழந்தையைக் கட்டிக்கொண்டு அழுதேன். பிரசவத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அழுதேன்.

ஆனால் களமருதூருக்கு அந்தச் செய்தி போனபோது பாதிதான் போனது. 'ஒண்ணும் இல்ல' என்பது போனது, 'சீக்கிரம் நிறுத்திட்டீங்க' என்பது போகவில்லை. "ஒண்ணுமில்லாததுக்கா மாமன் சீரைக் கொளுத்தினாள்" என்று பங்காளிகள் பேசினார்கள். பெரியம்மா போன் போட்டு, நான் அண்ணன் காலில் விழுந்துவிட வேண்டும் என்றார். கெடுதல் நடந்திருந்தால் என்னை நம்பியிருப்பார்கள். நடக்காமல் தடுத்ததால் நான் திமிர் பிடித்தவள். இப்படிப்பட்ட ஜனங்களோடு என்ன பேச? போனை வைத்துவிட்டேன். அண்ணன் என் கொட்டகைச் சாவியை யாரோ ஒரு பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்பினான்.

ஒரு வருடம் பேச்சு வார்த்தை இல்லை. காது குத்துகிற நேரம் வந்தது. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். அண்ணன் வரமாட்டான் என்றே நினைத்தேன். வராவிட்டால் போகட்டும், என் மடியில் வைத்துக்கொள்கிறேன் என்று விடுமுறையில் வந்திருந்த கணவரிடம் சொன்னேன். அவர் எனக்குத் தெரியாமல் போய் அழைத்திருக்கிறார்.

கோயில் வாசலில் அண்ணனும் அண்ணியும் பைக்கில் வந்து இறங்கினார்கள். சீர்த்தட்டில் எல்லாம் கடையில் வாங்கியவை. கையால் செய்தது ஒன்றுமில்லை. அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "வாண்ணா" என்றேன். காதில் விழாதது போலப் பாயில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். நான் குழந்தையைத் தூக்கி அவன் மடியில் வைத்தேன். அவளுக்கு அவன் யார் என்றே தெரியாது. அழாமல் அவன் மீசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அண்ணனின் சட்டைப்பையில் பைக் சாவிக்கொத்து தொங்கிக்கொண்டிருந்தது. அதில் மஞ்சளாக ஒரு தடித்த வளையம். குழந்தை அதை இழுத்து எடுத்தாள், அந்த வயதில் எல்லாக் குழந்தைகளும் செய்கிறபடி நேராக வாய்க்குக் கொண்டுபோனாள். நான் பாய்வதற்குள் அண்ணன் அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான். சாவிக்கொத்தைப் பிடுங்கித் தனக்குப் பின்னால் தூரமாக எறிந்தான். அவள் வீறிட்டு அழுதாள். ஆசாரி, "இன்னும் குத்தவே இல்லீங்களே" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அண்ணன் சிரிக்கவில்லை. துண்டின் நுனியைத் தண்ணீர்ச் சொம்பில் நனைத்து, குழந்தையின் உதட்டைத் துடைத்தான். வாயைத் திறந்து ஈறைத் துடைத்தான். விரல்களை ஒவ்வொன்றாக விரித்துத் துடைத்தான். பிறகு தலையைத் தூக்கி, நான்தான் அதை அவள் வாயில் வைத்தேன் என்பது போல என்னை முறைத்தான். நானும் முறைத்தேன். ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். அண்ணன் துண்டைத் திருப்பி, நனையாத பக்கத்தால் மறுபடியும் அவள் வாயைத் துடைக்க ஆரம்பித்தான்.